டிவியில் குடித்த டீ

போன மாதம் செங்குன்றத்தில் ஒரு மனை புரோக்கர் என்னை டீக்கடைக்கு அழைத்துப்போய் ஒரு சந்தேகம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் அரை மணி நேரம் மனை விற்கிற நிகழ்ச்சி வருகிறதே, அதில் அவரும் வரலாமா, வந்தால் பிரயோசனம் உண்டா என்பது சந்தேகம். நான் இப்போது அந்தப் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன். என்னைப்போய் ஏன் கேட்கிறார் என்றால், அப்படி டிவியில் வந்த ஒருவரிடம் நான் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடியவில்லை. நினைத்தாலே வாயில் ஒரு துருவாடை வருகிறது. முழுக்கச் சொன்னேன். அவரிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. பிறந்தது ராயபுரம். ஓர் இடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. காசிமேட்டில் ஐஸ் உடைத்திருக்கிறேன். கன்டெய்னர் லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன். இடது கை சுண்டு விரலில் பாதி விசாகப்பட்டினம் போகிற வழியில் ஒரு லாரிக் கதவில் போனது. திருப்பூரில் சாயப்பட்டறை, அத்திப்பட்டில் சாம்பல் லாரி, விம்கோ நகரில் ஒரு ஓட்டலில் பரோட்டாவுக்கு மாவு பிசைகிற வேலை. அந்த ஓட்டல் மூடியபோதுதான் எதிர்ச்சாரியில் இருந்த அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றேன், அவ்வளவுதான் இன்டர்வியூ.

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் அப்பா திருவொற்றியூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இவர் வீட்டு புரோக்கர் ஆனார். ஆபீஸ் என்பது ஒரு பஞ்சர் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒரு ஷட்டர். ஒரு மேஜை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சாவி மாட்டுகிற ஆணிகள். வெளியே போர்டுகூடக் கிடையாது. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் வீடு வாங்குகிறவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு இஸ்திரி வண்டிக்காரர் வழி சொல்வார்.

அவரை உத்தமர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ரோடு அகலமாகும் என்பார், ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் தங்கமானவர் என்பார். அந்த ஆள் குடித்துவிட்டுத் தெருவையே திட்டுகிறவராக இருப்பார். யாரோ தூக்கு போட்டுக்கொண்ட வீட்டுக்கு வெள்ளையடித்துப் பால் காய்ச்ச வைத்துவிடுவார். வாங்குகிறவர், விற்கிறவர் இரண்டு பக்கமும் கமிஷன். ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் தன் ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு வீடு முடித்துக் கொடுத்தாராம். அந்த வீட்டு போர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. அந்தப் பக்கமெல்லாம் மண்ணுக்கடியில் எண்ணெய்க் குழாய் ஓடுகிற இடம். வாங்கியவர் சண்டைக்கு வரவில்லை. மகள் கல்யாணத்துக்கு ஊர்க்காரர் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தார், அண்ணாச்சி வீட்டுக்கு மட்டும் வைக்கவில்லை. அது அவரை நன்றாகத் தைத்திருந்தது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வீடு காட்டப் போகும்போது ஒரு துணிப்பையில் சின்ன கேஸ் அடுப்பு, ஒரு பாத்திரம், டீத்தூள், பால் பாக்கெட், டம்ளர்கள். சாவிக்கொத்தும் அந்தப் பையும் என் பொறுப்பு. வீட்டைச் சுற்றிக் காட்டி முடித்ததும் அந்த வீட்டு போர் தண்ணீரைப் பிடித்து, வாங்க வந்தவர்கள் கண் முன்னாலேயே டீ போடுவார். எங்கள் பக்கத்துத் தண்ணீரை டீ காட்டிக்கொடுத்துவிடும். இரும்பு அதிகம் என்றால் தூள் போட்டதும் மை மாதிரி கறுத்துவிடும். பால் ஊற்றினால் செருப்புத் தோலின் நிறம் வரும். உப்பு அதிகம் என்றால் பால் திரிந்துவிடும். எண்ணெய் இருந்தால் மேலே ஒரு வானவில் ஓடும். எது வந்தாலும் முதல் வாய் அவர்தான் குடிப்பார். குடித்துவிட்டுச் சொல்வார். குளிக்கலாம், குடிக்க ஆகாது. துவைக்கலாம், ஆனால் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிடும். இதில் காலைக்கூட நனைக்காதீர்கள், வாருங்கள் போகலாம். கமிஷன் கையில் வந்து விழுகிற நேரத்தில்கூட வாருங்கள் போகலாம் என்று பையைக் கட்டச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் அன்று முழுவதும் என் மேல் எரிந்து விழுவார் என்பது வேறு விஷயம்.

அவருக்கு இருந்த ஒரே விளம்பரம் அந்த டீதான். அண்ணாச்சி குடித்தாரா என்றுதான் கேட்பார்கள். குடித்தார் என்றால் அட்வான்ஸ் கொடுப்பார்கள்.

அவரிடம் ரொம்ப நாளாக வீடு தேடிக்கொண்டிருந்தவர்களில் ஓர் அம்மா உண்டு. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் நாலாவது மாடி. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, நிரந்தர வேலை. கணவர் இறந்து பல வருஷம். இரண்டு பெண்கள், ஒருத்தி நர்சிங் படிக்கிறாள். மாடிக்குத் தண்ணீர் ஏறாது. கீழே குழாயில் பிடித்து, பிளாஸ்டிக் குடத்தில் மேலே தூக்க வேண்டும். முட்டியில் சவ்வு தேய்ந்துவிட்டது என்று வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தரையோடு ஒரு இடம், அதில் சொந்தமாக ஒரு போர், திறந்தால் குடிக்கிற தண்ணீர் வருகிற ஒரு குழாய். ஒற்றை அறையாக இருந்தாலும் போதும் என்பார்.

நாங்கள் அந்த அம்மாவுக்கு எத்தனையோ வீடு காட்டினோம். சில வீடுகளில் டீ கறுத்தது. சில வீடுகளில் டீ போடுகிற வரைக்கும் போகவே இல்லை. புளியந்தோப்பு என்றதும், ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டதும், வீட்டுக்காரர்களுக்குத் திடீரென்று வேறு ஆள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டது ஞாபகம் வந்துவிடும். அதை அண்ணாச்சி நேராகச் சொல்லமாட்டார். தண்ணீர் சரியில்லை, வேண்டாம் என்று மழுப்புவார். ஒரு தடவை அந்த அம்மா சிரித்தார்.

“தண்ணி சரியில்லன்னா டீ போட்டுக் காட்டியிருப்பியே அண்ணாச்சி. அந்த ஆளுக்கு நான் சரியில்லன்னு சொல்லு. எனுக்கு இன்னா புதுசா.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். அந்த அம்மாவும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. டீ போடாத வீட்டைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் நம்புவதில்லை, டீ போட்டுவிட்டால் மறுபேச்சு இல்லை, அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒரு விளம்பரக்காரர் வந்து சேர்ந்தார். இறுக்கிப் பிடித்த சட்டை, காதில் ஒரு கருவி, மேஜைமேல் வைத்த கார் சாவி. டிவியில் ஞாயிறு காலை நேரத்தை மொத்தமாக வாங்கி சில்லறையாக விற்கிறவர். எண்ணூரைத் தாண்டி, முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் லேஅவுட் போட்டிருந்தார். அந்த மனைகளை அண்ணாச்சி ஒருவரே விற்கலாம், அதற்கு டிவி நேரத்தை அண்ணாச்சி வாங்க வேண்டும். இதுதான் அவர் கொண்டுவந்த கணக்கு. நீங்கள் இன்னும் இஸ்திரிக்காரரை நம்பித் தொழில் செய்கிறீர்கள், தமிழ்நாடே உங்களைப் பார்க்க வேண்டாமா என்றார். பேச்சு முழுக்க ரீச், பிராண்டு, லீடு. மனிதர்களுக்கு அவர் பாஷையில் லீடு என்று பெயர். எனக்கு அந்த ஆளை அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் அண்ணாச்சியின் முகம் மாறியதைப் பார்த்தேன். பெரிய கடை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் எல்லோரும் தன்னை டிவியில் பார்ப்பார்கள் என்ற எண்ணம் அவர் தலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பத்திரிகை வைக்காமல் விட்டவரும் பார்ப்பார் அல்லவா.

யாரோ டீ விஷயத்தை அங்கேயே விளம்பரக்காரர் காதில் போட்டார்கள். அதைக் கேட்டதும் விளம்பரக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சார், இதுதான் சார் கன்டென்ட். மனையைக் காட்ட வேணாம். நீங்க டீ குடிக்கிறதைக் காட்டினா போதும்.”

அந்த வாரமே அந்த அம்மா ஆபீசுக்கு வந்தார். லேஅவுட் விலை அவருக்குக் கட்டுப்படியாகிற மாதிரி இருந்தது. விற்கிறவர் கம்பெனி வைத்திருப்பவர், வாங்குகிறவர் எந்தத் தெரு என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. பி.எஃப். பணத்தில் கடன் எழுதி வாங்கிவிடலாம் என்று ஆஸ்பத்திரி ஆபீசிலும் சொல்லிவிட்டார்களாம். ஒரே கேள்விதான் கேட்டார், டீ போட்டாச்சா என்று.

“இனிமேத்தான் தங்கச்சி. ஞாயித்துக்கெழமை டிவியிலயே போடுதேன். நீ வீட்டுல இருந்துகிட்டே பாரு” என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். மாடி முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று போனார்.

படம் பிடித்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. லேஅவுட்டில் கல் நட்டிருந்தார்கள், வேறொன்றும் இல்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒரு மெல்லிய மாவு மாதிரி எதன்மேலும் படிந்திருக்கும் இடம் அது. தென்னங்கன்றுகளை நர்சரியிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்து பையோடு மண்ணில் புதைத்தார்கள். இலையில் விழுகிற சாம்பலைத் துணியால் துடைக்கிற வேலை எனக்கு. ஒரு வரிசையைத் துடைத்து முடிப்பதற்குள் முதல் கன்று மறுபடி நரைத்துவிடும். கேமராக்காரர் எந்தப் பக்கம் திருப்பினாலும் புகைபோக்கி வந்து நின்றது. கடைசியில் தரையோடு படுத்துக்கொண்டு, வானமும் ஒரு தென்னங்கன்றும் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தார். நிகழ்ச்சி நடத்துகிற பெண் பட்டுப்புடவையில் குடைக்கடியில் நின்றிருந்தாள். இருமல் வந்தபோதெல்லாம் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கும் அது ஒரு நாள் சம்பளம்.

பிறகு டீ. மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் வந்தது. அண்ணாச்சி அடுப்பைப் பற்ற வைத்தார், தூளைப் போட்டார். கொதிப்பதற்கு முன்பே நிறம் ஏற ஆரம்பித்தது. நான் அவரிடம் இருந்த காலத்தில் அவ்வளவு கறுப்பை எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. பால் ஊற்றியதும் சாக்கடை ஓரத்துச் சேறு மாதிரி ஆகிவிட்டது. குடைக்கடியில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன, கருகிவிட்டதா என்று கேட்டாள்.

வழக்கமாக இந்த இடத்தில் அண்ணாச்சி ஒரு வாய் குடிப்பார். குடித்துவிட்டு, வாருங்கள் போகலாம் என்பார். நான் பையைக் கையில் எடுத்தே விட்டேன்.

அவர் அசையவில்லை. பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். விளம்பரக்காரர் கூட்டத்தில் ஒருவன் வேனிலிருந்து தண்ணீர் கேனை இறக்கினான். யாரும் யாரையும் கேட்கவில்லை. பாத்திரத்தைக் கழுவி, கேன் தண்ணீர் ஊற்றி, டீ போட்டார்கள்.

“டீதானே சார் தெரியப்போகுது, தண்ணியா தெரியப்போகுது” என்றார் விளம்பரக்காரர், ஆறுதல் சொல்கிற குரலில்.

டீ செக்கச்செவேல் என்று வந்தது. விளம்பரத்தில் வருகிற டீ மாதிரியே, விளம்பரம்தானே. அண்ணாச்சி டம்ளரைத் தூக்கி, கேமராவைப் பார்த்து, இது நம்ம மனைத் தண்ணி என்று சொல்லிக் குடித்தார். முதல் தடவை வெளிச்சம் போதவில்லை. அடுத்த தடவை புகைபோக்கியின் நிழல் விழுந்தது. இன்னொரு தடவை அவர் சிரிக்க மறந்துவிட்டார். இப்படித் திரும்பத் திரும்பக் குடித்தார். கடைசித் தடவைக்கெல்லாம் நன்றாகவே சிரிக்கப் பழகிவிட்டார். கறுத்த டீயைக் கொட்டிய இடத்தில் மண் குடிக்காமல் அது அப்படியே தேங்கி நின்றது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் வண்டி ஏறினோம். திரும்பி வருகிற வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வந்தது. நிகழ்ச்சி முடிவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. டிவி விளம்பரத்தால் பிரயோசனம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சேலத்திலிருந்து கூப்பிட்டார்கள், நாமக்கல்லிலிருந்து கூப்பிட்டார்கள், மஸ்கட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கடலிலிருந்து எவ்வளவு தூரம், காற்று வருமா என்று கேட்டார். காற்று நன்றாக வரும் என்றேன். அது உண்மைதான், என்ன கொண்டு வரும் என்று அவர் கேட்கவில்லை. அந்த டீயைப் பார்த்ததும் மனசுக்கு ஒரு நம்பிக்கை வந்தது என்று அனேகமாக எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் இலவச வேன். சென்ட்ரலில் ஏற்றிக்கொண்டு வந்து இடத்தைக் காட்டி, பிரியாணி போட்டு, ஒரு சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்ப வேண்டும். பாதிப் பேர் பிரியாணிக்கே வந்தார்கள். குடும்பத்தோடு வந்து, ஏசியை விட்டு இறங்காமல், கண்ணாடி வழியாகப் பார்த்து, நல்ல முன்னேற்றம் தெரிகிறது என்று சொல்லி, உள்ளே உட்கார்ந்தபடியே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எச்சில் தட்டுகளைக் கல் நட்ட மனைகளிலேயே எறிந்தார்கள். அதில் சில தட்டுகள் எறிந்தவர்களே வாங்கிய மனையில் விழுந்திருக்கும். அதைப் பொறுக்குவதும் என் வேலை. சாயக்கழிவிலும் சாம்பலிலும் கிடந்து வேலை பார்த்தவன்தான் நான். ஆனால் அந்தக் குப்பையைத் தொட எனக்குக் கூசியது.

இன்னொரு பக்கம் ஒரு காரியம் நடந்தது. அதைத்தான் விளம்பரக்காரர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணாச்சியும் எடுத்துக்கொள்ளவில்லை, இத்தனை வருஷம் அந்தத் தண்ணீரிலேயே டீ போட்டவருக்கு அது எப்படித் தோன்றாமல் போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சேலத்துக்காரர் பார்த்த அதே டீயை எங்கள் ஊர்க்காரர்களும் பார்த்தார்கள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. காசிமேட்டிலிருந்து அத்திப்பட்டு வரைக்கும் எந்த போரிலும் டீ அப்படிச் சிவக்காது. பிறந்ததிலிருந்து குடிக்கிறவர்களுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டாம். எதிர் டீக்கடைக்காரர், ஷட்டரைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா அண்ணாச்சி, எந்த ஊர் போரு அது, குன்னூரா? நமக்கும் ஒரு கனெக்ஷன் குடேன்.”

இஸ்திரிக்காரர் சிரிக்கவில்லை. ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார். அண்ணாச்சி ஆபீஸ் எது என்று கேட்டு வருகிறவர்களை வேறு பக்கம் கை காட்டினார். துறைமுகத்தில் ரிட்டயர் ஆகி, அண்ணாச்சியின் வார்த்தைக்காகக் காத்திருந்த ஒருவர் சாவியைக் கேட்டு வரவே இல்லை. ஆணிகளில் சாவிகள் தூசி பிடித்துத் தொங்கின. போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் அவரைத் தெரியாதவர்கள்.

அந்த அம்மா டிவி பார்த்த மறுநாளே வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு இலவச வேனில் இருந்தார். எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை, நல்ல புடவை கட்டி, பெரிய மகளோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். சேலத்துக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். டிபன் பாக்ஸையும் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் எல்லாம் வேனுக்குத் திரும்பிய பிறகு பையிலிருந்து ஒரு காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு போர் பக்கம் நடந்தார்.

“நைனா, மோட்டார கொஞ்சம் போடு” என்றார்.

சாவி என்னிடம்தான் இருந்தது. போட்டேன். பாட்டிலை அலசி, பிடித்து, மூடியை இறுக்கினார். தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தெளிவாக இருந்தது. அவர் முகத்தில் ஓர் ஆசை வந்து போனது, அதை நான் பார்த்தேன். தான் நினைத்தது தப்பாக இருக்கக்கூடாதா என்கிற ஆசை. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டொரு நாள் கழித்து டூட்டி முடிந்து, ஆஸ்பத்திரிச் சேலையோடு ஆபீசுக்கு வந்தார். அண்ணாச்சி போனில் நாமக்கல்காரர் ஒருவரிடம் மண் வளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா காத்திருந்தார். பேசி முடித்ததும் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிடித்தபோது தெளிவாக இருந்த தண்ணீர் இப்போது பழுப்பாக மாறி, அடியில் துருப்பொடி ஒரு விரல்கடை படிந்திருந்தது. எங்கள் பக்கத்து இரும்புத் தண்ணீர் அப்படித்தான், காற்றுப் பட்டு நின்றால் தன் குணத்தைக் காட்டும்.

“பி.எஃப். லோன் வந்துட்டுது அண்ணாச்சி. நாளைக்கே குடுத்துடறேன். ஒரு டீ மட்டும் போடு. தண்ணி நானே எட்டாந்துகீறேன்.”

அடுப்புப் பை என் காலடியில் இருந்தது. முந்தின நாள்தான் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வந்திருந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பாட்டிலை மட்டும் பார்க்கவில்லை.

“கேஸ் தீந்துபோச்சு தங்கச்சி.”

அந்த அம்மா பாட்டிலை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். இன்னொரு வார்த்தை வரும் என்று அவர் காத்திருந்ததாகத்தான் நான் நினைக்கிறேன். வேண்டாம் தங்கச்சி, அந்த மனை வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அவர் எழுந்து போய், அடுத்த மாதம் மறுபடி வந்து, வேறு வீடு இருக்கிறதா என்று கேட்டிருப்பார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அண்ணாச்சி கை தானாகப் போனை எடுத்தது.

அந்த அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாட்டிலை எடுக்கவில்லை.

“நீயே வச்சிக்க அண்ணாச்சி. அடுத்த ஷூட்டிங்குக்கு ஆவும்.”

கோபமாகச் சொல்லவில்லை. மிச்சம் வந்த குழம்பைப் பக்கத்து வீட்டில் கொடுக்கிற மாதிரி சொன்னார். படி இறங்கி, ரோடு தாண்டி, ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டியதைப் பார்த்தேன். அண்ணாச்சி போனில், ஆமா சார், குடிக்கிற தண்ணிதான் சார், நானே குடிச்சேன் டிவியில பாத்திருப்பியளே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பேசி முடித்ததும் பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வரச் சொன்னார். கொட்டினேன். எதிர்க்கடையில் ஒரு டீ வாங்கி வரச் சொன்னார். கடைக்காரர், கேன் தண்ணிதான், பயப்படாமல் குடிக்கச் சொல்லு என்று சொல்லிக் கொடுத்தார். அதை அப்படியே வந்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் எனக்கு அன்று அவர்மேல் இரக்கம் வரவில்லை. டீ மேஜையிலேயே ஆடை கட்டிக் கிடந்தது. சாயங்காலம் சாவிக்கொத்தையும் அடுப்புப் பையையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏன் போகிறாய் என்று அவரும் கேட்கவில்லை.

இப்போது அண்ணாச்சிக்கு இரண்டு ஆபீஸ் இருக்கிறது என்று கேள்வி. லேஅவுட்டில் ஒரு வீடும் வரவில்லை. சேலத்துக்காரர்களுக்கு அவசரம் இல்லை, விலை ஏறட்டும் என்று விட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் அவரிடம் வீடு வாங்குவதில்லை. வேறு புரோக்கர்கள் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் டீ போடுவதில்லை. அந்த அம்மாவை ஒரு தடவை பார்த்தேன். குடோன் லோடு ஒன்றை இறக்க யானைக்கவுனி போனவன், புளியந்தோப்பு வழியாகத் திரும்பி வந்தேன். இடுப்பில் ஒரு குடத்தோடு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தார். நாலாவது மாடிதான், இன்னும். கூப்பிட நினைத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இதையெல்லாம்தான் செங்குன்றம் புரோக்கரிடம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கறுத்த டீ வந்த இடத்தில் ச்சீ என்றார். கேஸ் தீர்ந்த இடத்தில் தலையை ஆட்டினார். நல்ல மனுஷர் என்றே நினைத்தேன். நான் சொல்லி முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“மஸ்கட்லருந்து கூடவா கூப்ட்டாங்க?” என்றார். “அந்த விளம்பரக்காரர் நம்பர் உன்கிட்ட கீதா?”

என் டம்ளரில் பாதி டீ இருந்தது. அதைக் கீழே கொட்டிவிட்டு எழுந்து குடோனுக்கு வந்துவிட்டேன்.